போர்டில் நேர்மை, டைம்ஷீட்டில் ஒன்பது மணி

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைத் தொட்டிருந்தன. கம்பெனிகள் சுவரில் எழுதி மாட்டும் விழுமியங்கள், எல்லோரும் சொல்கிற மாதிரி சொன்னால் வேல்யூஸ். அந்த ஐந்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் அம்பத்தூரில் வண்டிகளுக்கு பிரேக் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பெர்சனல் டிபார்ட்மென்டில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஐந்து வருடமாக இருக்கிறேன். ஐ.டி. கார்டு தொங்கும் பட்டையிலேயே ஐந்து வேல்யூஸ் அச்சடித்திருக்கிறார்கள். முதலில் இருப்பது நேர்மை. வருடத்தில் ஒருநாள் 'வேல்யூஸ் டே' என்று கோலப்போட்டி வைத்து கேக் வெட்டுகிறோம். போன மாதம் இரண்டு நாள் எங்கள் டீமுக்குக் கம்பெனிக்குள்ளேயே பயிற்சி நடந்தது. அந்த இரண்டு நாளும் கிளையன்ட் ப்ராஜெக்டில் வேலை செய்ததாக, நாளுக்கு ஒன்பது மணி நேரம் டைம்ஷீட்டில் போடச் சொன்னார் மேனேஜர். வாயால்தான் சொன்னார். எல்லோரும் போட்டார்கள். நானும் போட்டேன். அன்றிலிருந்து அந்தப் பட்டையை மாட்டவே கூசுகிறது. இந்த வேல்யூஸுக்கெல்லாம் அர்த்தம் ஏதாவது இருக்கிறதா அம்மா? வேலையை விட்டுவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்

பதில்: 'கூசுகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்காகவே உங்கள் கடிதத்தை முதலில் வைத்தேன். பட்டையில் நேர்மை என்று எழுதாமல் இருந்திருந்தால் இந்த அளவுக்கு உறுத்தியிருக்குமா? யோசித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் அந்த எழுத்துக்கு ஒரு பலம் உண்டு. ஆனால் அந்தப் பலம் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1996 மார்ச் 30. எங்கள் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு மேலே, நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'தரத்தில் சமரசம் இல்லை' என்று ஒரு போர்டு. வருடக் கடைசிக் கணக்குக்காக நானும் அன்று இரவு பத்து மணி வரை இருந்தேன். வீல் சிலிண்டர் 1,200 பீஸ் விடிவதற்குள் லாரியில் ஏற வேண்டும். இன்ஸ்பெக்டர் சின்னப் பையன், டிப்ளமா முடித்து வந்து இரண்டு வருடம்தான். ப்ளக் கேஜ் போட்டுப் பார்க்கிறான். அந்த கேஜுக்கு இரண்டு முனை. ஒன்று துளைக்குள் போக வேண்டும், மற்றது போகவே கூடாது. போகக் கூடாத முனை போய்விட்டது. துளை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் உள்ளே இருக்கும் ரப்பர் கப் இறுக்கமாக உட்காராது, பிரேக் ஆயில் கசியும். பெரிதாகிவிட்ட துளையைச் சிறிதாக்க எங்களிடம் வழி கிடையாது. மொத்தமும் ஸ்க்ராப்.

புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார். "அளவுக்குப் பக்கத்துலதானே இருக்கு, கையெழுத்துப் போடு" என்றார். பையன் குரலை உயர்த்தவே இல்லை. "சார், அந்த போர்டைக் கழட்டிட்டு ஏத்துங்க. அது அங்க இருக்கிற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றான். ஷிப்டில் இருந்த நாற்பது பேரும் கேட்டார்கள். விஷயம் எம்.டி. வீட்டுக்குப் போனில் போனது. அவர் லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டார். வாடிக்கையாளரிடம் நன்றாகப் பேச்சு வாங்கினோம், பணமும் போனது. ஆனால் மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் அந்த போர்டை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

அப்புறம் ஜூன் வந்தது. இன்கிரிமென்ட் தாள் என் மேஜைக்கு வந்தது. அந்தப் பையனுக்குக் கடைசி கிரேடு. காரணம் என்ற கட்டத்தில் 'ஒத்துழைப்பு குறைவு' என்று எழுதியிருந்தது. எழுதியது அதே புரொடக்‌ஷன் மேனேஜர். கீழே இனிஷியல் போட்டவள் நான். என்ன ஒத்துழைப்பு, எப்போது குறைந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நூற்றுப்பத்து தாளில் அதுவும் ஒன்று என்று போட்டுவிட்டேன். நான்கு மாதத்தில் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு நான் இருந்த அத்தனை வருடத்திலும், இன்னொரு இன்ஸ்பெக்டர் அந்த போர்டைக் காட்டிப் பேசி நான் கேட்கவில்லை. இந்தத் தவறை நான் மறக்கவில்லை.

அந்த போர்டுக்கு மார்ச் மாதம் அர்த்தம் இருந்தது. ஜூன் மாதம் அந்த அர்த்தத்தை நாங்கள் துடைத்துவிட்டோம், பலகை மட்டும் மிச்சம். மேலே இருப்பவரிடம் கீழே இருப்பவர் அந்த வாசகத்தை எடுத்துக் காட்டிப் பேச முடிய வேண்டும். காட்டிய பிறகும் அவர் அங்கே நிம்மதியாக வேலை பார்க்க முடிய வேண்டும். இரண்டும் நடந்தால் அது உயிருள்ள வாசகம்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் என்ரானைச் சொல்வார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக் கம்பெனி. மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், உயர்ந்த தரம் என்று நான்கு விழுமியங்கள், 64 பக்கத்தில் நெறிமுறைக் கையேடு. 2001 டிசம்பரில் திவாலானது. எழுதியது ஒன்று, செய்தது ஒன்று என்று காட்ட இதைச் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு நாலு மாதம் முன்பு நடந்தது. ஷெரன் வாட்கின்ஸ் என்ற அதிகாரி, கணக்கில் பெரிய தில்லுமுல்லு இருக்கிறது என்று தலைவருக்கே கடிதம் எழுதினார். அந்தக் கம்பெனியோ, அவரை வேலையை விட்டு நீக்கினால் சட்டச் சிக்கல் வருமா என்று வக்கீல்களிடம் கேட்டது. எங்கள் ஜூன் மாத இன்கிரிமென்ட் தாளும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன.

நம் நாட்டில் சத்யம். உண்மை என்றே பெயர். நல்ல நிர்வாகத்துக்கென்று 2008இல் விருதும் வாங்கிய கம்பெனி. 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவரே, பல வருடக் கணக்கு பொய் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். 7,000 கோடி ரூபாய்க்கு மேல்.

சரி, எழுதி வைப்பதால் பயனே இல்லையா என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். குய்சோ, சபியென்சா, ஜிங்காலஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் அமெரிக்காவின் பெரிய 500 கம்பெனிகள் வெளியே சொல்லிக்கொள்ளும் விழுமியங்களை எடுத்துப் பார்த்து, 2015இல் கட்டுரை வெளியிட்டார்கள். நேர்மையும் மரியாதையும் 70 சதவீதக் கம்பெனிகளின் பட்டியலில் இருந்தன. அந்தப் பட்டியலுக்கும் கம்பெனியின் செயல்பாட்டுக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் 'எங்கள் மேலதிகாரிகள் சொன்னதைச் செய்பவர்கள், நேர்மையானவர்கள்' என்று ஊழியர்களே நினைக்கிற இடங்களில் லாபமும் உற்பத்தியும் நன்றாக இருந்தன. நீங்கள் உங்கள் மேனேஜரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பது, பட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைவிட அந்தக் கம்பெனியைப் பற்றி அதிகம் சொல்கிறது.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ஜான்சன் அண்ட் ஜான்சன் 1943இல் ஒரு பக்கத்துக்கு ஒரு கோட்பாட்டை எழுதி வைத்தது. டாக்டர்கள், நர்ஸ்கள், ஆஸ்பத்திரிகள், தாய்மார்கள் முதலில். பங்குதாரர்கள் கடைசியில். 1970களில் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் பர்க், மேலாளர்களைக் கூட்டி உட்கார வைத்து, இதன்படி நடக்க முடியுமா, முடியாதென்றால் சுவரிலிருந்து எடுத்துவிடலாமா என்று வாதாடச் சொன்னார். 1982இல் சிகாகோ பக்கம் யாரோ அந்தக் கம்பெனியின் டைலனால் என்ற வலி மாத்திரையில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களை அந்தக் கம்பெனி திரும்பப் பெற்றது. 10 கோடி டாலருக்கு மேல் செலவு. முன்பே வாதாடி வைத்திருந்ததால்தான் அந்த நேரத்தில் முடிவெடுக்க முடிந்தது என்று நான் நம்புகிறேன். அதே கம்பெனி மீது பிற்காலத்தில் டால்கம் பவுடருக்காகப் பல்லாயிரம் வழக்குகள் வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு முறை நடந்துகொண்ட விதம் அடுத்த நாற்பது வருடத்துக்கு உத்தரவாதம் கொடுத்துவிடாது.

இப்போது உங்கள் விஷயம். வேலையை உடனே விட வேண்டாம். அந்த வாசகத்தை ஒரு முறையாவது கையில் எடுத்துப் பாருங்கள். அடுத்த முறை இப்படி வாயால் சொன்னால், அன்று மாலையே மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள். குற்றம் சாட்ட வேண்டாம். 'இன்று நடந்த பயிற்சிக்கான நேரத்தை டைம்ஷீட்டில் எந்தக் கோடில் (code) போட வேண்டும், ப்ராஜெக்ட் கோடிலா, டிரெய்னிங் கோடிலா?' என்று சந்தேகம் மட்டும் கேளுங்கள். வாயால் சொல்லத் துணிகிற பலர் எழுத்தில் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் 'டிரெய்னிங் கோடில் போடுங்கள்' என்றே பதில் வரும். ஏற்கெனவே போட்ட இரண்டு நாளையும் திருத்த வேண்டும் என்று அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். கிளையன்ட் கொடுக்கும் பணம் அது, நீங்கள் கையெழுத்திட்ட கணக்கு அது.

எழுத்திலேயே 'ப்ராஜெக்டில் போடு' என்று வந்தால்? உங்கள் கம்பெனி பங்குச்சந்தையில் இருப்பதாக இருந்தால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177ஆம் பிரிவின்படி, இப்படிப்பட்ட முறைகேட்டைத் தெரிவிக்க ஊழியர்களுக்கு ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். தெரிவித்தவரைப் பழிவாங்காமல் காக்கும் ஏற்பாடும் வேண்டும். அவசியமான நேரத்தில், கம்பெனிக் கணக்கைக் கண்காணிக்கும் ஆடிட் கமிட்டியின் தலைவரையே நேராக அணுகலாம். மெயில்களைத் தேதிவாரியாகக் குறித்துக்கொண்டு அந்த வழியில் போங்கள். இரண்டு பேர் கூட வந்தால் இன்னும் நல்லது. அடுத்த அப்ரைசலில் உங்களுக்கு என்ன கிரேடு வருகிறது என்று பாருங்கள். விடுவதா இருப்பதா என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். கல்லாவுக்கு மேலே காந்தி படம். அதன் கீழே, வாடிக்கையாளர்தான் நம் இடத்துக்கு வரும் மிக முக்கியமான மனிதர், அவர் நம்மை நம்பி இல்லை, நாம்தான் அவரை நம்பி இருக்கிறோம் என்று காந்தி சொன்னதாக எழுதியிருக்கிறது. எங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு மாடிக்கு நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். ராத்திரி வீட்டுக்குப் போனால் கால் வீங்கியிருக்கிறது. காந்தி உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா?
– ஒரு விற்பனைப் பெண், சைதாப்பேட்டை

பதில்: கேட்டீர்களே, நல்ல கேள்வி. எத்தனையோ பேங்கிலும் கடையிலும் அந்தப் படம் தொங்குகிறது, யாரும் கேட்பதில்லை. 1890இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி பேசியது என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். 1890இல் அவர் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இளைஞர். தென்னாப்பிரிக்காவுக்குப் போனதே 1893இல்தான். அந்த வாசகம் விற்பனைத் தொழில்காரர்களிடம் சுற்றிவந்து பிறகு அவர் பெயரில் ஒட்டிக்கொண்டது. அவர் சொன்னதற்குச் சான்று இல்லை.

அவர் உண்மையில் செய்த ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன், உங்கள் தொழிலுக்கே நெருக்கமானது. 1918இல் அகமதாபாத் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 35 சதவீதக் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நாள் ஆக ஆக அவர்கள் சோர்ந்தபோது காந்தி மார்ச் 15 முதல் உண்ணாவிரதம் இருந்தார், மூன்று நாளில் ஆலை முதலாளிகள் இறங்கி வந்தார்கள். துணி நெய்தவர்களின் கூலிக்காகப் பட்டினி கிடந்தவரின் படத்தை, துணி விற்கிறவர்களை நிற்க வைத்துவிட்டு மாட்டியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

ஸ்டூல் விஷயத்துக்கு வருவோம். கேரளாவில் கோழிக்கோடு ஜவுளிக்கடைப் பெண்கள் பல வருடம் போராடி, 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டத்தில் வாங்கினார்கள். நம் தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும், வேலை நேரம் முழுக்க நிற்கிற நிலை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். 'எல்லா' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு மாடியில் பதினைந்து பேர் நின்றால் நாலு ஸ்டூல் சட்டத்துக்குக் காணாது. உட்கார்ந்தவரை முறைப்பது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது.

உங்களைப் பற்றிச் சுவரில் வாசகம் இல்லை, ஆனால் அதைவிடப் பலமான சட்டம் கையில் இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள். உங்கள் பிரிவில் நாலைந்து பேர் சேர்ந்து, கூட்டமில்லாத செவ்வாய் அல்லது புதன் பகல் வேளையில் முதலாளியையோ மேனேஜரையோ நேரில் பாருங்கள். 'கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் திட்டக் கூடாது என்று சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள் ஐயா' என்று அந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் தொழிலாளர் துறைக்கு எழுதலாம். ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. கடிதத்தில் எத்தனை பேர், எத்தனை இருக்கை, எத்தனை மணி நேரம் என்று எண்ணாகக் கொடுங்கள். கால் வீக்கத்தை அப்படியே விடாமல் ஒரு டாக்டரிடம் காட்டி, நிற்கும் வேலை என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் 22 பேர் வேலை செய்யும், உலோகத் தகட்டை அழுத்தி உதிரிபாகம் செய்யும் பிரஸ் ஷாப் வைத்திருக்கிறேன். எனக்கு ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி, சப்ளையர்களைச் சோதிக்கும் வெண்டர் ஆடிட்டுக்கு வருகிறது. விஷன், மிஷன், வேல்யூஸ் எல்லாம் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்க வேண்டுமாம். ஒரு கன்சல்டன்ட் எழுதித்தர 15,000 ரூபாய் கேட்கிறார். நெட்டில் எடுத்து ஒட்டிவிடலாமா? அவர்கள் சுவரில் 'சப்ளையர்கள் எங்கள் பங்காளிகள்' என்று இருக்கிறது, எனக்கு பில் பணம் 110 நாளில் வருகிறது.
– ஒரு சிறுதொழில் முதலாளி, அம்பத்தூர்

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன் சார். சிறுதொழிலுக்கான 2006ஆம் வருடத்துச் சட்டப்படி, எழுத்தில் என்ன ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். ஆர்டர் போய்விடும் என்று பயந்து யாரும் வட்டி கேட்பதில்லை, எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் சுவரைப் பார்க்க வருகிறவர்களிடம், அவர்கள் சுவரில் இருக்கும் அந்த வரியையும் 45 நாளையும் சேர்த்து மரியாதையாக நினைவூட்டலாம். ஆடிட் முடிந்து காபி குடிக்கிற நேரம் அதற்கு நல்ல நேரம்.

15,000 ரூபாயை மிச்சம் பிடியுங்கள். நெட்டிலும் எடுக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, கடந்த ஐந்து வருடத்தில் எதற்காக நீங்கள் தெரிந்தே நஷ்டப்பட்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள். கொரோனா நேரத்தில் யாரையும் நிறுத்தாமல் வைத்திருந்தீர்களா? கெட்டுப்போன லாட்டை நீங்களே சொல்லித் திரும்ப எடுத்தீர்களா? அங்கேதான் உங்கள் விழுமியம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை.

எதுவும் தோன்றவில்லை என்றால், பிரஸ் ஷாப் என்பதால் ஒன்றை நான் சொல்கிறேன். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்படி இரண்டு பட்டன் இருக்கும். தகட்டை அழுத்தும் அச்சான டைக்குள் கை போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேகமாக ஓட்ட வேண்டும் என்று ஒரு பட்டனைக் கட்டிவைத்து ஓட்டுகிற பழக்கம் எஸ்டேட்டில் எத்தனை ஷெட்டில் உண்டு என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். விரல் போன பையன்களை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போயிருக்கிறேன். ஆகவே இப்படி எழுதுங்கள்: 'பட்டனைக் கட்டிவைத்து ஓட்டச் சொல்ல முதலாளிக்கும் உரிமை இல்லை. யார் சொன்னாலும் மெஷினை நிறுத்தலாம். அன்றைய சம்பளம் குறையாது.' இதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. உங்களிடம் ஒடிசாப் பையன்கள் இருந்தால் ஒடியாவிலும் ஒன்று. ஆபீஸ் ரூமில் மாட்டாமல் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

இன்னொரு வரி வேண்டுமென்றால், 7ஆம் தேதிக்குள் சம்பளம். சட்டம் ஏற்கெனவே சொல்வதுதான். ஆனால் 110 நாள் பணம் வராத முதலாளி 7ஆம் தேதி சம்பளம் போடுகிறார் என்றால், அதில் அவர் எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்பது அவர் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். அதைப் பெருமையாகவே எழுதலாம். ஆடிட்டர் ஏற்பாரா என்று யோசிக்காதீர்கள். நல்ல ஆடிட்டராக இருந்தால் இந்த இரண்டு வரியை நின்று படிப்பார்.

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு கிண்டியில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். டிரெய்னியாகச் சேர்ந்திருக்கிறேன். ஊழியர்களுக்கு வேல்யூஸ் க்விஸ் நடத்தி, ஒப்பிக்கத் தெரியாதவர்கள் பெயரை மேலே அனுப்பச் சொல்கிறார்கள். இதில் என்ன பயன், மேடம்?
– புதிய எச்.ஆர்., ஆலந்தூர்

பதில்: தர நிர்வாகத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9001 ஆடிட் வரும் வாரத்தில் எங்கள் தொழிற்சாலையிலும் குவாலிட்டி பாலிசியை மனப்பாடம் செய்ய வைப்போம். கார்டின் பின்பக்கம் ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கும். அந்தத் தரநிலை கேட்பது, கொள்கை எல்லோருக்கும் தெரிவிக்கப்பட்டு, புரிந்து, வேலையில் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்பது. ஒப்பிக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஒரு வருடம் வந்த ஆடிட்டர் கார்டைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, லேத்தில் நின்றவரிடம் "இதை நீங்க தப்பாப் பண்ணா யாருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார். "பிரேக் புடிக்காது சார். வண்டியில இருக்கிறவன் செத்துடுவான்" என்றார் அவர். ஆடிட்டர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் க்விஸில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். உங்கள் மேலதிகாரியிடம் இந்த மாதிரி இரண்டு கேள்வியை எழுதிக் காட்டுங்கள். பெயர்ப் பட்டியல் கேட்டால், எந்தப் பிரிவில் எது புரியவில்லை என்று மட்டும் எழுதித் தாருங்கள், ஆள் பெயர் வேண்டாம்.

டார்கெட் என்ன, இன்சென்டிவ் எதற்கு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி விழுமியங்களுக்கென்றே தனிப் புத்தகம் போட்டிருந்தது. கூடவே ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு, கார்டு என்று விற்க வேண்டும் என்ற இலக்கும் வைத்திருந்தது. ஊழியர்கள் இலக்கின்படி நடந்தார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் சுமார் 20 லட்சம் கணக்குகள் திறக்கப்பட்டிருக்கலாம் என்பது 2016இல் வெளியே வந்தது. 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 பேருக்கு வேலை போனது. அவர்களில் பலர் உங்கள் வயதுக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: அடுத்த வாரம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. அவர்களுடைய வேல்யூஸைப் படித்துவிட்டுப் போகச் சொல்கிறார் அப்பா. இன்டர்வியூவிலேயே அது உண்மையா என்று தெரிந்துகொள்ள முடியுமா?
– மெக்கானிக்கல் இன்ஜினீயர், தாம்பரம்

பதில்: அப்பா சொல்கிறபடி படித்துவிட்டுப் போங்கள் தம்பி. 'உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?' என்று கடைசியில் கேட்பார்கள். அப்போது பணிவாக, 'தரத்துக்காகவோ பாதுகாப்புக்காகவோ இங்கே கடைசியாக லைனை நிறுத்தியவர் யார் சார்? அவர் இப்போது எந்தப் பொறுப்பில் இருக்கிறார்?' என்று கேளுங்கள். பெயர் தெரிந்து, சந்தோஷமாகச் சொன்னால் நல்ல இடம். எதிரே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடை இருக்கும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அங்கே நின்று பேசுவார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் பெர்மனென்ட் ஆட்களுக்கும் ஒரே கேன்டீனா, அடிபட்டால் ரிப்போர்ட் எழுதுகிறார்களா இல்லை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களா என்று கேளுங்கள். டீக்கு நீங்களே காசு கொடுத்துவிடுங்கள்.